ஊக்கமும் குடியும்: கரிசல் நிலத்தின் மாற்றமும் அதனை உரைக்கும் எழுத்துகளும்

மனம் மாறின் வாழ்வு மாறும் என்பது அறநூலோர் பலர்க்கும் ஒப்ப முடிந்த கருத்தாகும். மடியை நீக்கி, முயற்சியை மேற்கொண்டு, பழைய எண்ணங்களின் கட்டிலிருந்து விடுபட்டவன் தன் நிலையில் உயர்வான் என்று மேடைகளிலும் பாடநூல்களிலும் வாழ்க்கை வரலாறுகளிலும் இடையறாது கூறப்படுகின்றது. இக்கூற்றுப் பொய்யன்று. ஆயினும், மாறியது யாருடைய மனம், அம்மாற்றத்தால் உயர்ந்தது யாருடைய வாழ்வு, உயர்வுக்குரிய விலையைக் கொடுத்தவர் யாவர் என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பாமல் இதனை ஏற்றுக்கொள்ளுதல் ஆராய்ச்சி நெறிக்கு ஒத்ததாகாது. இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு ஏற்ற களமாக விருதுநகர், சிவகாசி வட்டாரம் அமைந்துள்ளது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலத்துக்குள் அங்கு நிகழ்ந்த மாற்றம் மிகப் பெரிது. அதனைப் புகழ்ந்துரைக்கும் எழுத்துகளும் உள. அதன் மறுபக்கத்தைக் காட்டும் படைப்புகளும் உள. இருவகை எழுத்துகளையும் அருகருகே வைத்து, அவை மாறுபடும் இடம் எது, மாறுபடுவதன் காரணம் யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்குரிய அளவுகோலைத் திருக்குறளின் அதிகார அடைவிலிருந்து பெறலாம். ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என்னும் நான்கு அதிகாரங்களும் பரிமேலழகர் கொண்ட பகுப்பின்படி அரசியலின் இறுதியில் அடுத்தடுத்து நிற்கின்றன. இவை தனியொருவன் நலம் கருதிய அறிவுரைகளாகவே இன்று பெரிதும் எடுத்தாளப்படுகின்றன. ஆயின் இவை நிற்கும் இடம் பொதுவாழ்வு பற்றிய இயலாகும் என்பது நோக்கத்தக்கது. ஒருவன் தன் குடியை உயரச் செய்தலைக் கூறும் குடிசெயல்வகையோ ஒழிபியலில் வருகின்றது. அதனை அடுத்து உழவும், உழவை அடுத்து நல்குரவும், அதன்பின் இரவும் இரவச்சமும் வைக்கப்பட்டுள்ளன. குடி உயர்த்துவானைப் பாராட்டிய உடனே உழைப்பவனையும் வறியவனையும் இரப்பவனையும் நம் கண்முன் கொணரும் இவ்வடைவு, ஓர் உயர்வை அளப்பவர் அதன் அருகிலுள்ள வறுமையையும் அளத்தல் வேண்டும் என்னும் குறிப்பினைத் தருவதாக நாம் கொள்கின்றோம்.

நிலமும் காலமும்

இன்றைய விருதுநகர் மாவட்டம் 1985இல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரித்து அமைக்கப்பட்டது. அதன் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விளையும் கரிசல் மண் அது. வைப்பாறு ஆண்டின் பல திங்கள் மணலாகவே கிடக்கும். மழை பொய்த்தால் உழவு பொய்க்கும். உழவு பொய்த்தால் உழைப்பவர் கூலி தேடி ஊர் பெயர்வர். இந்நிலத்தில் வாழ்வு மாறவேண்டுமாயின் மழையை நம்பாத தொழில் ஒன்று வேண்டும் என்பது எளிதிற் புலனாகும்.

தெற்கே பனைத்தொழிலை நம்பி வாழ்ந்த நாடார் குடியினருள் ஒரு பகுதியினர் வணிகத்தின் பொருட்டு வடக்கே பெயர்ந்து, சிவகாசி, விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஆறு ஊர்களில் நிலைபெற்றனர். சரக்கையும் வண்டியையும் மாட்டையும் காத்துக்கொள்வதற்குப் பேட்டைகளை அமைத்தனர். ஊர்தோறும் உறவின்முறை என்னும் அமைப்பு எழுந்தது. வணிகர் ஒவ்வொருவரும் தம் வாணிகத்தின் அளவுக்கேற்பச் செலுத்திய மகமை என்னும் பங்கு அவ்வமைப்பின் பொதுநிதியாயிற்று. இவர்தம் வரலாற்றை விரிவாக ஆராய்ந்து 1969இல் நூல் வெளியிட்ட அமெரிக்க அறிஞர் இராபர்ட் ஹார்ட்கிரேவ், இம்மகமையின் இடத்தைத் தெளிவாக எடுத்துக்காட்டியுள்ளார்.

பொருள் வந்தது, மதிப்பு வரவில்லை. கோவில் நுழைவு மறுக்கப்பட்டது. 1895இல் கழுகுமலையிலும், 1899இல் சிவகாசியிலும் கலவரங்கள் மூண்டு உயிர்களும் வீடுகளும் அழிந்தன. 1897இல் கமுதிக் கோவிலில் நுழைந்தமை பற்றி எழுந்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் அக்குடியினர்க்கு எதிராகவே முடிந்தது. அவர் கேட்ட உரிமை நீதியானது. கிடைத்த தீர்ப்போ அதற்கு மாறானது. தமிழ்நாட்டுக் கோவில் நுழைவில் திருப்புமுனையான மதுரை நிகழ்ச்சிக்கு 1939 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவ்விடைக்காலத்தில் அவர்கள் செய்தது யாது என்பதே நம் ஆய்வுக்கு உரிய பொருள். பிறர் தர மறுத்த மதிப்பைத் தாமே கட்டியெழுப்பும் வழி ஒன்றை அவர்கள் கண்டனர். அவ்வழியைப் புதிய சிந்தனை என்று கூறுதல் பொருந்தும்.

பிடி அரிசி

அச்சிந்தனையின் முதற்கனி பள்ளிக்கூடம். விருதுநகரில் 1889இல் சத்திரிய வித்தியாசாலை தோன்றியது. பெயர் ஒரு குடியின் மதிப்புக் கோரிக்கையை உட்கொண்டிருந்தாலும், அதன் வாயில் எல்லாக் குடிப் பிள்ளைகளுக்கும் திறந்திருந்தது. அதனைப் புரப்பதற்கு மகமையோடு பிடி அரிசியும் துணை நின்றது. வீடுதோறும் உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்துப் பள்ளிக்கு அளிப்பதே அம்முறையாகும்.

இச்செய்தியை வரலாற்று நூல்கள் ஒரு வரியில் கூறிக் கடக்கின்றன. நாம் சற்றே நின்று நோக்குதல் நலம். பிடி அரிசியை எடுத்து வைத்தவர் வீட்டுப் பெண்டிர். அவருள் மிகப் பெரும்பாலோர் எழுத்தறியாதவராகவே இருந்திருத்தல் வேண்டும். அக்காலப் பெண்கல்வியின் நிலை அத்தகையது. தாம் கல்லாத கல்விக்காகத் தம் உலையிலிருந்து நாள்தோறும் ஒரு பிடியை விலக்கிய அவர்களுடைய மனமாற்றம், கடல் கடந்து சென்று பொருள் ஈட்டியவனுடைய மனமாற்றத்துக்குச் சிறிதும் குறைந்ததன்று. ஆயினும் அவர்களுள் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைத்திலது. மாற்றத்தைத் தனியொருவன் செயலாகக் கூறும் வழக்கம் எத்தகைய இழப்பை உண்டாக்குகின்றது என்பதற்கு இது முதற்சான்று.

இரண்டாவது உண்மையும் ஒன்று இதன்கண் உண்டு. ஒருநாள் எழுந்த நல்லெண்ணம் மறுநாள் தணிந்துவிடக்கூடும். பிடி அரிசியோ எண்ணத்தை வழக்கமாக்கியது. மகமை வழக்கத்தை நிதியாக்கியது. உறவின்முறை நிதியைப் பள்ளியாக்கியது. எண்ணம் வழக்கமாகவும், வழக்கம் நிறுவனமாகவும் மாறிய இடத்திலேதான் ஊக்கம் குடியின் உயர்வாகின்றது. 1910இல் தோன்றிய நாடார் மகாஜன சங்கமும் இவ்வழியில் எழுந்ததே.

கல்கத்தாப் பயணமும் அதன் கதையும்

சிவகாசியைப் பற்றிய எழுத்துகளில் மிகுதியாகப் போற்றப்படுவது கல்கத்தாப் பயணமாகும். அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் உறவினர் இருவர் 1922இல் கல்கத்தா சென்று, தீப்பெட்டி செய்யும் முறையைப் பயின்று திரும்பி, 1923இல் தம் ஊரில் தொழில் தொடங்கினர். தீப்பெட்டியை அடுத்து வண்ண மத்தாப்பும், அதனை அடுத்துப் பட்டாசும் வந்தன. பெட்டிக்கு முகப்புத்தாள் வேண்டியிருந்தமையால் அச்சுத்தொழிலும் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டு வெடிகள் வருதல் குறைந்தமையும், 1940களில் உரிம முறை சீர்பெற்றமையும் பட்டாசுத் தொழிலுக்கு இடம் தந்தன. இந்தியாவில் வெடிக்கப்பெறும் பட்டாசின் பெரும்பகுதி இவ்வட்டாரத்தில் ஆவதற்கு இதுவே தொடக்கம். ‘குட்டி ஜப்பான்’ என்னும் புகழ்ப்பெயரும் வந்து சேர்ந்தது.

இப்பயணத்தின் சிறப்பை நாம் குறைத்துக் கூறோம். வணிகக் குடியிற் பிறந்தவர் கடையிலிருந்து கைத்தொழிலுக்கு இறங்கியதும், தொலைவிலுள்ள நகரத்திற்குச் சென்று தொழிலைக் கற்று வந்ததும் பழைய நினைப்புகளை உதறிய செயல்களே. நிலத்தின் குறையைத் தொழிலின் நிறைவாகக் கண்டதோ அதனினும் சிறந்தது. உழவனை வருத்திய வறண்ட காற்றும் வெயிலும் குச்சியையும் மருந்தையும் உலர்த்துவதற்கு உதவின.

ஆயின் இக்கதை வழங்கும் முறை திறனாய்வுக்கு உரியது. தொழில் சங்கங்களின் விழா மலர்களிலும் மாணவர்க்குரிய வாசகங்களிலும் இது எவ்வாறு கூறப்படுகின்றது? இளைஞர் இருவர் துணிந்தனர், சென்றனர், கற்றனர், வென்றனர் என்று வினைமுற்றுகள் அடுக்கப்படுகின்றன. எழுவாய் ஈரிளைஞரே; ஊர் அவர்தம் வெற்றியைப் பெற்றுக்கொள்ளும் செயப்படுபொருளாக மட்டும் வருகின்றது. கதையில் விடுபடும் எழுவாய்கள் நான்கு. கடன் கொடுத்தும் சரக்கை விற்றும் தாங்கிய வணிக உறவுகள் ஒன்று. அவற்றைப் பிணைத்த உறவின்முறை இரண்டு. அரசின் தீர்வைக் கொள்கை மூன்று. 1934இல் தீப்பெட்டிக்கு ஆயத்தீர்வை விதிக்கப்பட்டது. கையால் செய்யும் சிறு தொழிற்சாலைகளுக்கு அதில் காட்டப்பட்ட சலுகை, சுவீடன் நாட்டு மூலதனத்தோடு வந்த இயந்திரத் தொழிலின் போட்டியை அவை தாங்கி நிற்பதற்கு உதவியது. நான்காவதும் தலையாயதும், மலிவாகக் கிடைத்த கைகள்.

கையால் செய்யும் தொழில் என்றால் யார் கை என்னும் வினா உடனே எழுதல் வேண்டும். குச்சி அடுக்குதல், பெட்டி ஒட்டுதல், பெட்டியில் குச்சி அடைத்தல் ஆகிய பணிகளுக்கு மெல்லிய விரல்களும் விரைவும் வேண்டும் என்றனர். அதனால் சுற்றுவட்டச் சிற்றூர்களிலிருந்து விடியுமுன் வண்டிகளில் அழைத்துவரப்பட்டவருள் சிறுமியரும் சிறுவரும் பல்லாயிரவராக இருந்தனர். மழை பொய்த்த கரிசற்காட்டின் ஏழைக் குடும்பங்கள் அப்பிள்ளைகளின் கூலியால் அடுப்பெரித்தன. அக்குடும்பங்களுள் பல, மகமையும் உறவின்முறையும் இல்லாத குடிகளைச் சேர்ந்தவை. ஓர் ஊரின் மக்கள் தம் ஊழை எதிர்த்து உயர்ந்த அதே தொழிலுக்குள், அடுத்த ஊரின் பிள்ளைகளுக்கு ஊழ் புதிதாக எழுதப்பட்டது.

படைப்புகள் கண்டது

புகழெழுத்து விட்ட இடத்தைப் படைப்பாளர் நிரப்பினர். இங்கு மூன்று படைப்புகளைச் சிறப்பாக எடுத்துக்கொள்வோம். இராஜம் கிருஷ்ணனின் ‘கூட்டுக்குஞ்சுகள்’ தீப்பெட்டித் தொழிலில் ஈடுபடுத்தப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய புதினம். மக்கள் வாழும் இடத்திற்கே சென்று, அவர்தம் தொழிலையும் பேச்சையும் அறிந்து எழுதும் முறையை மேற்கொண்டவர் அவர். உப்பளத் தொழிலாளரைப் பற்றிய ‘கரிப்பு மணிகள்’ என்னும் புதினத்தையும் அம்முறையிலேயே படைத்தார். பூமணி இயக்கிய ‘கருவேலம் பூக்கள்’ தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் பிள்ளைகளை அனுப்பும் கரிசல் சிற்றூரைக் காட்டும் திரைப்படம். சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த ஆவணப்படம் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்னும் பெயருடையது.

இம்மூன்றன் தலைப்புகளையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் ஒற்றுமை புலனாகின்றது. குஞ்சு, பூ, குழந்தை ஆகிய மூன்றும் வளர்ச்சியின் தொடக்க நிலையைச் சுட்டும் சொற்கள். கூட்டிலிருக்கும் குஞ்சுக்கு இரை தேடித் தருவது தாய்ப்பறவையின் கடன். இங்கோ குஞ்சே இரை தேடச் செல்கின்றது. கூடு அதனால் நிலைக்கின்றது. கருவேலம் நீர் பாய்ச்சுவார் இன்றியும் முள்ளிடையே பூப்பது. அதன் பூவைப் பறித்துச் சூடுவார் இலர். மூன்றாவது தலைப்போ புகழ்ப்பெயரை அப்படியே எடுத்துக்கொண்டு, அதனோடு ஆறாம் வேற்றுமை உருபைச் சேர்த்து, அப்பெயருக்குரியவர் யார் என்று கேட்கின்றது. வளர்ச்சி என்னும் சொல்லைத் தொழிலுக்குரியதாகப் புகழெழுத்து வழங்கியது. வளரவேண்டிய உயிருக்குரியதாக இப்படைப்புகள் அதனை மீட்டன. இருவகை எழுத்துகளுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே என்பது நம் கருத்து.

இப்படைப்புகள் துயரத்தை மட்டும் கண்டன. முயற்சியின் பெருமையை மறந்தன என்று சிலர் குறை கூறக்கூடும். அக்குறைக்கு விடையாகப் பூமணியின் ‘அஞ்ஞாடி’ நிற்கின்றது. 2012இல் வெளிவந்து, 2014இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற இப்பெரும்புதினம், பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து பல தலைமுறைகளை உட்கொண்டு செல்கின்றது. கழுகுமலைக் கலவரமும் சிவகாசிக் கலவரமும் இதில் இடம்பெறுகின்றன. வணிகம் செய்து உயர முனைந்தவர் பட்ட இழிவையும் அவர் ஊக்கத்தையும் புதினம் மறைக்கவில்லை. ஆயின் அது தொடங்குவது ஆண்டி, மாரி என்னும் வெவ்வேறு குடிகளைச் சேர்ந்த எளிய நண்பர் இருவருடைய வாழ்விலிருந்தாகும்.

இங்குத் தொடக்கத்தின் சிறப்பு ஆராயத்தக்கது. சிவகாசியின் புகழ்க்கதையும் இருவரில் தொடங்குகின்றது. ‘அஞ்ஞாடி’யும் இருவரில் தொடங்குகின்றது. முன்னது அவ்விருவரையே பற்றிச் சென்று அவர்தம் வெற்றியில் முடிகின்றது. பின்னதோ இருவரிலிருந்து குடும்பத்துக்கும், குடும்பத்திலிருந்து ஊருக்கும், ஊரிலிருந்து பல குடிகளின் மோதலுக்கும் விரிகின்றது. தலைவன் ஒருவனைக் கொண்ட கதையில் மாற்றம் என்பது அவன் குணமாகின்றது. தலைவன் ஒருவனைக் கொள்ளாத கதையில் மாற்றம் என்பது மக்களுக்கிடையே உள்ள உறவாகின்றது. கரிசல் வாழ்வின் உண்மைக்கு இரண்டாவது வடிவமே ஏற்றது. பூமணியின் முதற்புதினமாகிய ‘பிறகு’ 1979இல் வெளிவந்தது. காலணி தைக்கும் தொழிலாளி அழகிரியின் வாழ்வைக் கூறும் அந்நூலின் தலைப்பும் ஒரு வினாவாகவே நிற்கின்றது. நாடு விடுதலை பெற்றது; பிறகு?

பள்ளியும் பசியும்

தனிமனிதன் மாற்றம் குடியின் மாற்றமாக விரிந்ததற்கு இவ்வட்டாரம் தந்த மிகச் சிறந்த சான்று காமராசர். 1903இல் விருதுநகரில் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்து, சத்திரிய வித்தியாசாலையில் பயின்ற படிப்பை இடையில் நிறுத்தி, மாமன் துணிக்கடையில் பணிசெய்தவர் அவர். நாட்டு விடுதலை இயக்கம் அவர் எண்ணத்தை மாற்றியது. சிறை அவரைப் பயிற்றியது. 1954இல் முதலமைச்சரானதும், பெற்றோர் தொழிலைப் பிள்ளைகள் பயிலுமாறு பள்ளி நேரத்தைக் குறைத்த முந்தைய கல்வித் திட்டத்தை விலக்கினார். 1956இல் பள்ளிகளில் பகலுணவுத் திட்டம் தொடங்கியது. அது தொடக்கத்தில் ஊரார் கொடையைப் பெரிதும் நம்பி நடந்தது. கல்வித் துறைக்குத் தலைமை தாங்கிய நெ. து. சுந்தரவடிவேலு அதற்குச் செயல்வடிவம் தந்தவருள் முதன்மையானவர். சென்னை மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் 1920ஆம் ஆண்டளவிலேயே இம்முறை முயன்று பார்க்கப்பட்டதும் மறக்கத்தக்கதன்று.

பிடி அரிசிப் பள்ளியில் பயின்றவர் ஆட்சியில் பள்ளியே பிள்ளைக்கு ஒரு பிடி சோறு இட்டது. ஓர் ஊரின் வழக்கம் நாட்டின் வழக்கமாயிற்று. ஏழைக்குக் கல்வியின் அருமை தெரியவில்லை என்னும் கூற்றுக்கு இத்திட்டம் செயலால் விடையளித்தது. தடையாக நின்றது பசி. பசிக்கு உணவு தரப்பட்டதும் பிள்ளைகள் வந்தனர்.

ஆயினும், அவர் பிறந்த வட்டாரத்திலேயே பகலுணவை விடக் கூலி வலியதாக நின்றது. ஒருவேளைச் சோறு ஒரு பிள்ளையின் பசியைத் தீர்க்கும். அப்பிள்ளை ஈட்டும் கூலி வீட்டில் உள்ள பலருடைய பசியைத் தணிக்கும். 1976இல் ஹர்பன்சு சிங் குழு இவ்வட்டாரத் தீப்பெட்டித் தொழிலில் பிள்ளைகளின் நிலையை ஆராய்ந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் சிவகாசிப் பகுதியைத் தன் தொடக்கக் களங்களுள் ஒன்றாகக் கொண்டது. 1996 திசம்பர் 10ஆம் நாள், எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீங்கு மிக்க தொழிலில் பிள்ளையை அமர்த்திய முதலாளி அப்பிள்ளைக்காக 20,000 ரூபாய் செலுத்துதல் வேண்டும் என்றும், அக்குடும்பத்தில் வளர்ந்தவர் ஒருவருக்கு அரசு வேலை தேடித் தருதல் வேண்டும், இயலாதாயின் 5,000 ரூபாயை நிதிக்கு அளித்தல் வேண்டும் என்றும் அது ஆணையிட்டது.

இத்தீர்ப்பின் உட்பொருள் நம் ஆய்வுக்கு மிகவும் உரியது. பிள்ளையைத் தொழிலுக்கு அனுப்பும் தந்தையின் மனம் மாறவேண்டும் என்று அறவுரை கூறி அது அமையவில்லை. பிள்ளையின் கூலி நின்றால் அவ்விடத்தை நிரப்புவது யாது என்று எண்ணியது. மனம் மாறுவதற்கும் ஒரு நிலைக்களம் வேண்டும். அடுப்பு எரியும் என்னும் உறுதியே அந்நிலைக்களம். தீர்ப்பு முழுதும் நிறைவேறியது என்று நாம் கூறவில்லை. ஆயினும் அதன் சிந்தனை நேரிது. சட்டத்தின் அழுத்தமும், பள்ளிகளின் பெருக்கமும், தீப்பெட்டித் தொழிலில் இயந்திரங்கள் புகுந்தமையும் சேர்ந்து, பிள்ளைகளை ஏற்றிவந்த விடியற்கால வண்டிகளின் காலத்தைப் பெரிதும் பின்தள்ளின. பிள்ளைகளின் வாழ்வு மாறியது. அம்மாற்றத்தை எவரும் தம் தனிச்செயல் என்று உரிமை கொண்டாட இயலாது.

எஞ்சிய ஊழ்

பிள்ளைகள் நீங்கிய இடத்தில் வளர்ந்தோர் உள்ளனர். பட்டாசுத் தொழிலாளருள் பெண்கள் மிகப் பலர். மருந்து கலத்தலும், அதனைக் குழலிற் செலுத்துதலும், திரி வைத்தலும் இமைப்பொழுது தவறினும் உயிரை வாங்கும் வேலைகள். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; அவருள் உதவிக்கு ஓடிவந்த அயலாரும் இருந்தனர். 2021 பிப்ரவரி 12ஆம் நாள் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவ்விரண்டுக்கும் இடையிலும் பின்னும் நிகழ்ந்த விபத்துகள் பல.

ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம், அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பனவற்றிற்கெல்லாம் விதிகள் உள. அளவுக்கு மிஞ்சிய ஆட்கள், அளவுக்கு மிஞ்சிய மருந்து, உரிமம் பெற்றவர் பிறருக்கு உள்குத்தகை விடுதல் ஆகியவை பலகாலும் சுட்டப்பட்ட குறைகள். எனவே இவ்விறப்புகளுக்குக் காரணம் அறியப்பட்டதே. ஆயினும் ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும், ‘எல்லாம் விதி’ என்னும் சொல் எழுகின்றது. தமிழில் இச்சொல் ஊழையும் குறிக்கும், ஒழுங்குமுறையையும் குறிக்கும். இரண்டாம் பொருளில் விதி காக்கப்படாதபோது, முதற்பொருளில் விதி பழிக்கப்படுகின்றது. கழுகுமலையிலும் சிவகாசியிலும் எரிந்த வீடுகளின் சாம்பலைக் கண்டும் ‘எல்லாம் விதி’ என்று அமராத தலைமுறை ஒன்று இவ்வட்டாரத்திலே வாழ்ந்தது. ஊழைக் காரணமாக ஏற்க மறுத்த அந்த அறிவைத் தொழிற்கூடத்தின் மருந்தறை வரை கொண்டுசெல்வதே இன்று வேண்டப்படும் புதிய சிந்தனையாகும்.

2018இல் உச்ச நீதிமன்றம் சரவெடிகளுக்கும் பேரியம் கலந்த வெடிகளுக்கும் தடை விதித்து, மாசு குறைந்த பட்டாசுகளையே செய்யுமாறு பணித்தது. அத்தீர்ப்பு நகரங்களின் மூச்சுக்காற்றைக் காக்க எழுந்தது; வேண்டுவதே. ஆயின் அதன் விளைவாக வேலை குறைந்தபோது அதனை முதலில் உணர்ந்தவர் நாட்கூலி பெறும் பெண்டிரே. மாற்றத்தின் செலவு எப்போதும் அடியிலுள்ளோர் பக்கமே சாய்வது ஏன் என்னும் வினா இங்கும் எழுகின்றது.

படைப்பிலக்கியத்தை நோக்கியும் ஒன்று கூறுதல் நம் கடன். நாம் இங்கு எடுத்துக்கொண்ட மூன்று படைப்புகளும் தீப்பெட்டித் தொழிலின் பிள்ளைகளை அழியாத உருவங்களாக்கியுள்ளன. வெடிமருந்தறையில் நாள்தோறும் கவனமே தவமாக அமர்ந்திருக்கும் வளர்ந்த பெண்ணின் அறிவும் திறனும் அச்சமும் அதே முழுமையோடு எழுதப்படுதல் வேண்டும். அவள் இரக்கத்துக்குரிய பொருளாக மட்டும் அமைதல் போதாது. தன் மகளைக் கல்லூரிக்கு அனுப்புவதற்காக அவ்வறையில் அமரும் தாய், பிடி அரிசி எடுத்து வைத்த பெண்ணின் மரபில் வந்தவள். அவள் மனத்தில் நிகழ்ந்த மாற்றமும் வரலாறே.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும் முடிபுகள் மூன்று. முதலாவது, இவ்வட்டாரத்தின் உயர்வு ஊக்கத்தால் வந்தது உண்மை. ஆயின் அவ்வூக்கம் மகமை, பள்ளி, பகலுணவு என்னும் பொதுநிலையங்களாக உருக்கொண்ட இடங்களிலேயே பலருடைய வாழ்வை மாற்றியது. இரண்டாவது, ஒரு குடியின் ஊக்கம் மற்றொரு குடியின் பிள்ளைகளுடைய உழைப்பின்மேல் நின்றபோது, அதனைத் திருத்தியவை அறவுரைகளல்ல. படைப்பு, ஆய்வு, வழக்கு, சட்டம், உணவு ஆகியவை ஒருங்கே சேர்ந்து திருத்தின. மூன்றாவது, புகழெழுத்தும் புனைகதையும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. முன்னது ஊக்கமுடைமையின் விளக்கம். பின்னது நல்குரவின் விளக்கம். வள்ளுவர் இரண்டையும் ஒரே பாலில் வைத்தார். நம் பாடநூல்களோ முன்னதை மட்டும் மாணவர்க்குக் கற்பித்து வருகின்றன.

கல்கத்தாப் பயணத்தை மாணவர்க்குக் கூறுக. கூறும்போதே கூட்டுக்குஞ்சுகளையும் கூறுக. அவ்வாறு கற்கும் மாணவன் தானும் உயரவேண்டும் என்று எண்ணுவதோடு, தன் உயர்வு யார் கைமேல் நிற்கின்றது என்றும் கேட்கக் கற்பான். அக்கேள்வியே குடிசெயல்வகைக்கும் நல்குரவுக்கும் இடையிலுள்ள ஓரதிகாரத் தொலைவைக் கடக்கும் வழியாகும்.